குடித்தாரா என்று கேட்டேன்

வருகிற திங்கட்கிழமை நீங்கள் வண்டியில் ஏறப்போகிறீர்கள். ரத்தத்தை நிறுத்துவது, எலும்பைக் கட்டுவது, மூச்சுக் கொடுப்பது எல்லாம் பயிற்சியில் கற்றிருப்பீர்கள். அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. கள்ளக்குறிச்சியில் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளராக ஆறு வருடம் இருந்துவிட்டு இந்த மாதத்தோடு விலகுகிறேன். முப்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் பென்ஷன் வாங்கியவள் மாதிரி அனுபவம் பேசுகிறாளே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் வருகிறது. ஆனாலும் ஒரு நாளைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் போக முடியவில்லை.

என்னைப் பற்றி முதலில் கொஞ்சம். எலவனாசூர்கோட்டையில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து, டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் கை தூக்குகிற பெண் நான். வண்டியிலும் அப்படித்தான். ஆளைப் பார்த்த அரை நிமிடத்தில் இன்ன நோய் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதுதான் ஆபத்து என்று அப்போது தெரியாது. அழைப்பு வராத நேரங்களில் போனில் நிறையப் படிப்பேன். மனித மனம் எப்படியெல்லாம் ஏமாறுகிறது, முதலில் தோன்றியதிலேயே எப்படி ஒட்டிக்கொள்கிறது, தனக்குப் பிடித்த சான்றை மட்டும் எப்படிப் பொறுக்குகிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மற்றவர்களிடம் அந்தக் குறைகளைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. எங்கள் வண்டியின் ஓட்டுநர் முருகேசன் அண்ணன் நைனார்பாளையத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். ஒருமுறை நான் இதைப் பற்றி நீளமாக விளக்கியபோது கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இவ்ளோ தெரிஞ்சா நல்லதுதான். ஊர்ல எல்லாரையும் திருத்திடலாம்" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த நாள் ஐப்பசியில் வந்தது. இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்த காலை. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு ஊரிலிருந்து அழைப்பு: ஆணுக்கு முப்பத்தைந்து வயது, வயிற்றுவலி, வாந்தி, நிற்க முடியவில்லை. நாங்கள் அன்று மலைமேலேயே இருந்ததால் சீக்கிரம் போய்விட்டோம். மரவள்ளிக் கொல்லைக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு. உள்ளே பாயில் கிடந்தவர் பெயர் அண்ணாமலை. பக்கத்தில் மனைவி பூங்கொடி. குனிந்ததுமே சாராய வாடை அடித்தது. கண் பாதி மூடியிருந்தது. நாக்கு குழறியது. பாயோரம் வாந்தி. எனக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

குடித்தாரா என்று கேட்டேன்.

பூங்கொடி என் சீருடையைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள். "இல்லீங்க. அவுரு குடிக்க மாட்டாருங்க" என்றாள்.

வாடை மூக்கைத் துளைக்கிறது, இவள் இல்லை என்கிறாள். அந்த இடத்தில் என் மனதில் ஒரு கதவு சாத்திக்கொண்டது. அது எனக்குக் கேட்டது என்றுகூடச் சொல்வேன். இவள் பொய் சொல்கிறவள் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு பொய்யைக் கண்டுபிடித்த பெருமையில், அதன்பிறகு அவள் சொன்ன எதையும் நான் எடைபோடவே இல்லை. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ராத்திரி நல்லாத்தான் படுத்தார் என்றாள். விடியற்காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் என்றாள். "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்றாருங்க" என்றாள். குடித்தவனுக்கு ரெண்டு என்ன, நாலாகவும் தெரியும் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவள் அதையே மறுபடி சொன்னாள். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும் மூன்றாம் முறை சொன்னாள். சரிம்மா, சரிம்மா, ஆஸ்பத்திரியில் சொல்லு என்று நான் சொன்னதாக ஞாபகம்.

இன்னொன்றும் செய்தேன். வழியில் மலைமேலேயே ஒரு சுகாதார நிலையம் இருக்கிறது. நிறுத்தட்டுமா என்று முருகேசன் அண்ணன் கேட்டார். குடிபோதைக்காக அங்கே டாக்டரைத் தொந்தரவு செய்வானேன், கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்றேன். அங்கே போன் செய்து சொல்லியும் வைத்தேன்: சாராயம், வாந்தி, வயிற்றுவலி, பயப்பட ஒன்றுமில்லை. வேகமும் சுருக்கமுமாகப் பேசுவதில் எனக்கு எப்போதும் திருப்தி உண்டு.

வண்டி வளைவுகளில் இறங்கத் தொடங்கியது. மழை விட்டு, பாறைகளிலிருந்து தண்ணீர் ரோட்டில் வழிந்துகொண்டிருந்தது. நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். தற்செயலாக நிமிர்ந்து பார்த்தபோது அண்ணாமலை ஒரு காரியம் செய்தார். வலது கையை மெதுவாக, மிகவும் சிரமப்பட்டுத் தூக்கினார். ஆள்காட்டி விரலால் தன் இமையைத் தானே மேலே தள்ளிப் பிடித்தார். அந்த இடுக்கு வழியாக மனைவியைப் பார்த்தார். பிறகு கை விழுந்தது, இமையும் விழுந்தது.

குடித்தவன் கண்ணைத் திறக்க மறுப்பான். குடித்தவனுக்குத் தூக்கம் வரும். ஆனால் பார்க்க ஆசைப்பட்டு, இமை மட்டும் கேட்க மறுத்து, அதை விரலால் தூக்குகிற குடிகாரனை நான் பார்த்ததில்லை. நான் கட்டி வைத்திருந்த கதையில் அந்த விரலுக்கு இடமே இல்லை. உங்களுக்கும் இப்படி ஒரு விரல் என்றாவது கண்ணில் படும். நேர்மையாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தேகம் அல்ல, எரிச்சல். இவ்வளவு ஒழுங்காக இருந்த கதையைக் கெடுக்கிறாரே என்ற எரிச்சல்.

என் விரலை அழுத்துங்கள் என்றேன். அழுத்தினார். சொன்னது அத்தனையும் அவருக்குப் புரிந்தது. தலையைத் தூக்கச் சொன்னேன், தூக்க முடியவில்லை. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். நான்கு வரை வந்தார். ஐந்துக்குக் காற்று இல்லை.

பூங்கொடியிடம் ராத்திரி எங்கே படுத்தார் என்று கேட்டேன். அன்று அவளிடம் நான் கேட்ட முதல் நிஜமான கேள்வி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. தரையில், பாயில், என்றாள். அந்தப் பக்கம் கட்டுவிரியன் உண்டா? உண்டு. கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் பல பேருக்கு வலியே தெரியாது, தடமும் இருக்காது. விடிந்ததும் வயிறு வலிக்கும், இமை சரியும், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும், கடைசியில் மூச்சுத் தசை ஓயும். பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அவருடைய மனைவி அதே அடையாளங்களை ஒவ்வொன்றாக என் காதருகே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

முருகேசன் அண்ணனிடம் பாம்பு என்றேன். வண்டியை ஓரம் கட்டினார். மேலே திரும்பினால் இருபது நிமிடம். விஷமுறிவு ஊசி அங்கே உண்டு. கீழே போனால் நாற்பது நிமிடம். ஊசியும் உண்டு, மூச்சுக் கொடுக்கும் இயந்திரமும் உண்டு. திரும்பிப் போ என்று ஒரு மனம் அலறியது. அது யோசனை இல்லை, குற்ற உணர்ச்சி. செய்த தவறை அதே இடத்துக்குப் போய் அழிக்கப் பார்க்கிற ஆசை. போய்க்கொண்டே இரு என்று இன்னொரு மனம் சொன்னது. அதுவும் யோசனை இல்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்கிற பிடிவாதம். இரண்டையும் ஒதுக்கிவிட்டு நோயாளியை மட்டும் பார்த்து முடிவு செய்ய எனக்கு ஒரு முழு நிமிடம் பிடித்தது. அந்த ஒரு நிமிடத்துக்கு உதவியவர் அண்ணன்தான்.

"மேல ஊசி இருக்குது. மூச்சு நின்னுட்சின்னா மேல இன்னா இருக்குது?" என்றார்.

கீழே போகலாம் என்றேன். அது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வரும்போதே மேலே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிச்சயம். சரியான முடிவு என்பது இருபது நிமிடத்துக்கு முன்னால் கடந்துபோய்விட்டது. கையில் மிஞ்சியதிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

பிறகு போன். இந்த வேலையில் நான் பேசிய மிகக் கடினமான அழைப்பு அது. எதிர்முனையில் இருந்தவர், "இப்பதானே சரக்குக் கேஸுன்னு சொன்னீங்க?" என்றார். அப்போது கொஞ்சம் மழுப்பலாம் என்று தோன்றியது. நிலைமை மாறியிருக்கிறது, புதிய அறிகுறி வந்திருக்கிறது என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? சரக்குக் கேஸ், கூட ஏதோ அறிகுறி என்றுதான் அங்கே புரிந்துகொள்வார்கள். நான் ஒட்டிய சீட்டை நானேதான் கிழிக்க வேண்டும். "தப்பா சொல்லிட்டேன். பாம்பு. மூச்சு போய்க்கினு இருக்கு. மெஷின் ரெடியா வைங்க" என்றேன்.

கச்சிராயபாளையம் வருவதற்குள் அண்ணாமலையின் மூச்சு நின்றது. முகமூடியை வைத்து, பையைக் கையால் அழுத்தி அழுத்தி அவருக்காக நான் மூச்சு விட்டேன். பூங்கொடி அழவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அழுத்தும்போதெல்லாம் அவளும் மூச்சை இழுத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது என் இரண்டாவது போன் பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. முதல் போன் எல்லாருக்கும் போயிருந்தது. ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவர் வாடையை மோந்துவிட்டு, குடித்துவிட்டு வருகிறவர்களைப் போடுகிற மூலைக் கட்டில் பக்கம் திருப்பினார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நான் நினைத்ததைத்தான் அவரும் நினைத்தார். டாக்டர் ஓடி வந்து கடித்த தடம் எங்கே என்றார். தடம் இல்லை, பாம்பை யாரும் பார்க்கவில்லை, இவர் குடித்திருப்பதும் உண்மை, அதை மட்டும் வைத்து நான்தான் முதலில் தவறாகச் சொன்னேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, விரலால் இமையைத் தூக்கியதையும், நான்கு வரை எண்ணியதையும் சொன்னேன். டாக்டர் இமையை ஒருமுறை விரித்துப் பார்த்தார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஊசி, குழாய், இயந்திரம் எல்லாம் சில நிமிடங்களில் நடந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். தவறினாள், விழித்துக்கொண்டாள், ஒப்புக்கொண்டாள் என்று எனக்கு நல்ல பெயரோடு முடிகிற கதையாகியிருக்கும். பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தேவை.

மதியம் அறிக்கை எழுதினேன். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில், 'உடன் வந்தவர் தவறான தகவல் அளித்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கவனியுங்கள், யாரையும் ஏமாற்றுவதற்காக எழுதவில்லை. அப்படித்தான் நடந்தது என்று நம்பியே எழுதினேன். காலையில் எல்லார் முன்னாலும் நான் தவறு என்று சொன்ன அதே வாய்தான். அது மூச்சு போய்க்கொண்டிருந்த நேரம். பெருமையைப் பற்றி நினைக்க அவகாசம் இல்லை. மதியம் அவகாசம் கிடைத்தது.

அடுத்த நாட்களில் இந்தக் கதையை எல்லாரிடமும் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில், மற்ற வண்டிக்காரர்களிடம், போனில் என் தங்கையிடம். சொல்லச் சொல்லக் கதை அழகானது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணின் பொய் கொஞ்சம் பெரிதானது, அந்த விரலை நான் கவனித்த கூர்மையும் கொஞ்சம் பெரிதானது. மூன்றாம் நாள் டீக்கடையில் சொல்லி முடித்ததும் முருகேசன் அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா ரெண்டா தெரியுது ரெண்டா தெரியுதுன்னு மூணு வாட்டி சொல்லுச்சே. தள்ளி இருந்த எனக்கே கேட்டுச்சு. அத வுட்டுட்டியே சிஸ்டரு."

நான் விட்டது உண்மைதான். மறைக்கவில்லை. என் நினைவிலேயே அது இல்லை. அவர் சொன்னபிறகுதான் அந்தக் குரல் மீண்டும் காதில் விழுந்தது. நன்றி சொல்லியிருக்க வேண்டும். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாரே என்று இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதே நாட்களில் இன்னொரு கூத்து. எனக்கு எல்லார் இமையும் சரிவதாகத் தெரிந்தது. சின்னசேலம் போகும் வழியில் நிழற்குடையில் கிடந்த ஒருவரை ஒரே மூச்சில் எண்ணச் சொல்லி, தலையைத் தூக்கச் சொல்லிப் பாடாய்ப் படுத்தினேன். அவர் முப்பது வரை எண்ணிவிட்டு, "யம்மா, இது சரக்குதாம்மா. நானே சொல்றேன், எழுதிக்கோ" என்றார். முருகேசன் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று எனக்குப் புரிந்தது இதுதான்: ஒரு தவறு தானாக யாருக்கும் பாடம் சொல்லித் தருவதில்லை. பழைய அவசரத்துக்குப் பதிலாகப் புதிய அவசரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. எல்லாம் சாராயம் என்றிருந்தவள் எல்லாம் பாம்பு என்று ஆகியிருந்தேன். நான் கற்கவே இல்லை, கட்சி மாறியிருந்தேன்.

ஆறாம் நாள் வேறொரு நோயாளியோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே பூங்கொடி தனியாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையில்தான் குழாயை எடுத்தார்களாம். பேசுகிறாராம். வண்டியில் உயிர் போகிற மாதிரி இருந்தபோதுகூட அவருக்கு எல்லாம் கேட்டதாம். கண் மட்டும்தான் திறக்கவில்லை, காது திறந்துதான் இருந்ததாம். நான் என்னென்ன சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறாய், சொந்தக்காரர்கள் வரவில்லையா என்று கேட்டேன். வந்திருக்கிறார்கள், சைக்கிள் ஸ்டாண்டு கூரைக்குக் கீழே இருக்கிறார்கள் என்றாள். அவரைப் பார்க்கத் தன்னை உள்ளே விடுகிறார்கள், ஆனால் தன்னோடு யாரும் பேசுவதில்லை என்றாள். குடித்ததைக் கேட்டபோது இவள் இல்லை என்று சொன்னதால்தான் ஊசி தாமதமானது, தம்பி சாகப் பிழைக்கக் கிடந்தான் என்று கணவரின் அண்ணன் கோவிந்தன் சொல்லிவிட்டார். தம்பி வீடு திரும்பியதும் இவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று பேசி முடித்திருக்கிறார்கள். தாமதத்துக்கு யார் காரணம் என்ற பேச்சு என் டீக்கடைக் கதையிலிருந்து அவர்களிடம் போனதா, அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே கதையாக இருந்தது.

ஏன் இல்லை என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"யூனிஃபார்ம் போட்டவங்க யாரு வந்து கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லணும்னு எங்க ஊர்ல பேசி வச்சிருக்கோங்க. சாராயச் சோதனைக்கு வர்ற போலீசுங்க அப்புடித்தான் கேப்பாங்க. ஆமான்னா வூட்டு ஆம்பளைங்கள இட்டுக்கினு போயிடுவாங்க. நீங்களும் அதே மாதிரிதாங்க கேட்டீங்க" என்றாள்.

அதே மாதிரி. குற்றத்தை விசாரிக்கிற தொனியில் நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஊரே சேர்ந்து வைத்திருந்த பதிலைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள்.

பிறகு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன் நர்சம்மா. நெசத்த சொல்லுங்க. நான் மொதல்லியே ஆமா, குடிச்சாருன்னு சொல்லியிருந்தா, நீங்க பாம்புன்னு கண்டுபுடிச்சிருப்பீங்களா?"

ஆறுதலுக்கு ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் வந்தது: விடும்மா, உன்மேல் தப்பில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. அவள் ஆறுதல் கேட்கவில்லை, நிஜத்தைக் கேட்டாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்தக் காலையை மறுபடி நடத்திப் பார்த்தேன். குடித்தாரா? ஆமாங்க, குடிச்சாருங்க. அப்புறம் நான் என்ன செய்திருப்பேன்? பார்த்தாயா, நான் நினைத்தது சரி என்று படிவத்தை எடுத்திருப்பேன். ரெண்டாகத் தெரிகிறது என்று அவள் சொன்னால் சிரித்திருப்பேன். சுகாதார நிலையத்தில் அப்போதும் நிறுத்தியிருக்க மாட்டேன். அவள் இல்லை என்றதால் அவளைப் பொய்க்காரி என்று முடிவு செய்தேன். ஆமாம் என்றிருந்தால் அவள் கணவனைக் குடிகாரன் என்று இன்னும் உறுதியாக முடிவு செய்திருப்பேன். எந்தப் பக்கம் போனாலும் நான் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். எந்தப் பதில் வந்தாலும் மாறாத மனதோடு கேட்பதற்குப் பெயர் கேள்வி இல்லை.

ஆறு வருடத்தில் நான் கற்றது என்று உங்களுக்குக் கொடுக்க இது ஒன்றுதான் இருக்கிறது. நோயாளியிடம் வாயைத் திறப்பதற்கு முன், இவர்கள் என்ன சொன்னால் நான் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் தோன்றவில்லையா? அப்படியானால் நீங்கள் கேட்கப்போவதில்லை, சொல்லப்போகிறீர்கள். வேறு கேள்வி தேடுங்கள்.

"கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்" என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அத எங்க வூட்டுக்காரரு அண்ணன்கிட்ட சொல்றீங்களா? நான் சொன்னா எடுபடாதுங்க" என்றாள்.

சைக்கிள் ஸ்டாண்டு கூரைக்குக் கீழே ஐந்தாறு ஆண்கள் பெட்ஷீட் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தன் யாரென்று கேட்டு அவர் முன்னால் நின்று சொன்னேன். இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று உங்கள் வீட்டுப் பெண் மூன்று முறை சொன்னாள், நான் காதில் வாங்கவில்லை, அவள் உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதே தாமதம்தான் ஆகியிருக்கும் என்றேன். பக்கத்தில் இருந்தவர் ஒருவர், படிச்ச பொண்ணு பரிதாபப்பட்டு எதையோ சொல்லுது என்றார்.

"வாயால சொல்லிட்டு நீ வண்டியேறிப் பூடுவ. ஊர்ல நான் போய் சொன்னா எவன் நம்புவான்? எழுதிக் குடு" என்றார் கோவிந்தன்.

அந்த நிமிடத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. எழுதாமல் இருப்பதற்கு என் மனம் நான்கு காரணங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. மேலதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்ட காகிதம் நாளைக்குக் கோர்ட்டுக்கு வரலாம். நோயாளியைப் பற்றிய தகவலை வெளியே கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு அறிக்கை இருக்கும்போது இரண்டாவது குழப்பும். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தன. அறிவாளியின் மனம் அப்படித்தான், பயத்துக்குக்கூட நல்ல சட்டை போட்டுவிடும். ஒரு காரணத்தையாவது நான் காலையில் வேறு விஷயத்துக்கு யோசித்திருப்பேனா என்று பார்த்தேன். இல்லை. அப்போதுதான் பிறந்த காரணங்கள்.

காகிதம் கேட்டேன். யாரோ ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார்கள். வண்டியின் பின்கதவில் வைத்து எழுதினேன். முருகேசன் அண்ணன் எட்டிப் பார்த்தார், தாள் பறக்காமல் ஒரு ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டார். சிகிச்சையைப் பற்றி எழுதவில்லை, என் தவறை மட்டும் எழுதினேன். இதே வாக்கியங்களை மறுநாள் அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்து, பழைய அறிக்கையைத் திருத்தச் சொன்னேன். அதற்கு எனக்கு வர வேண்டியது வந்தது. அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

கோவிந்தன் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மற்றவர்களைப் பார்த்தார். யாரும் கை நீட்டவில்லை. பூங்கொடி தூரத்தில், கூரையின் நிழல் முடிகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள். அவர் தாளை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் வந்து வாங்கிக்கொண்டாள். எழுத்தின் அடியில் விரலை வைத்துக்கொண்டு படித்தாள்.

"அண்ணாமலை என்பவருக்கு ரெண்டாகத் தெரிகிறது என்று அவர் மனைவி பூங்கொடி என்னிடம் மூன்று முறை சொன்னார். நான் கேட்கவில்லை. அவர் குடித்ததைப் பூங்கொடி ஒப்புக்கொண்டிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். நான் முன்னாலேயே முடிவு செய்துவிட்டேன். தாமதம் பூங்கொடியால் ஆனது இல்லை. என்னால் ஆனது."

தன் பெயர் வந்த இடங்களில் எல்லாம் அவள் தடுக்கினாள். படித்து முடித்தபோது குரல் அடங்கிவிட்டிருந்தது. கோவிந்தன் நகர்ந்து, பெட்ஷீட்டில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டார்.

"ஒக்காரு. இன்னொரு வாட்டி படி" என்றார். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி."

அவள் உட்கார்ந்து, மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். இந்த முறை எங்கும் தடுக்கவில்லை.